தீராத ஐயமும் ஆழ்மூளைத் தூண்டலும்

ஐயம் கொள்வது மனித அறிவின் இயல்பு. ஐயம் தோன்றாத இடத்தில் ஆராய்ச்சி தோன்றுவதில்லை. கணக்கை இருமுறை சரிபார்ப்பவரையும், கதவைத் தாழிட்டபின் ஒருதரம் இழுத்துப் பார்ப்பவரையும் கருத்துடையவர் என்று நாம் பாராட்டுகின்றோம். ஆனால், சரிபார்த்த பின்னும் தெளிவு பிறவாமல், தாழிட்டது கண்ணுக்குத் தெரிந்த பின்னும் நெஞ்சம் ஏற்காமல், அதே கதவுக்கு ஐம்பது முறை திரும்பி வருபவரின் நிலை வேறு. அவரிடம் இருப்பது கருத்துடைமை அன்று; அவர் விரும்பி மேற்கொண்ட பழக்கமும் அன்று. அது ஒரு நோய். ஆங்கில மருத்துவத்தில் ஓ.சி.டி. என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் இந்நோயைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று குறிப்பர்.

இந்நோயின் இயல்பையும், மருந்துக்கு அடங்காத அளவில் அது முற்றியவர்க்கு மூளையின் ஆழத்தில் மின்முனை பதித்துச் செய்யப்படும் மருத்துவத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவ மலரில் இடம்பெற வேண்டிய பொருள் தமிழ்த்துறை மலரில் எதற்கு என்று சிலர் வினவலாம். நம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் இந்நோய் வேறு பெயர் பூண்டு நடமாடுகின்றது. பெயர் மாறுவதால் மருந்தும் மாறிவிடுகின்றது. நோயாளியின் ஆண்டுகள் வீணாகின்றன. ஒரு பொருளுக்கு உரிய பெயரைச் சூட்டி, அதனைப் பொதுமக்கள் விளங்கிக்கொள்ளும் மொழியில் உரைப்பது மொழித்துறையின் கடமைகளுள் ஒன்றன்றோ!

நோயின் இயல்பு

இந்நோய்க்கு இரண்டு கூறுகள் உண்டு. முதலாவது, அழையாமல் வந்து புகும் எண்ணம். கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது, அடுப்பு அணைக்கப்படவில்லை, என்னால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்துவிடும், இறைவனைப் பற்றித் தகாத சொல் என் உள்ளத்தில் எழுந்துவிட்டது என்பன போன்ற எண்ணங்கள் திரும்பத் திரும்ப எழும். இரண்டாவது, அவ்வெண்ணம் தரும் வேதனையைத் தணிக்கச் செய்யும் செயல். கழுவுதல், எண்ணுதல், அடுக்குதல், சரிபார்த்தல், பிறரிடம் கேட்டுக் கேட்டு உறுதி பெறுதல் எனப் பலவகையாக அது அமையும். செயலைச் செய்தால் வேதனை சிறிது தணிகின்றது. தணிந்த அந்தச் சுகமே அடுத்த முறையும் அச்செயலைச் செய்யத் தூண்டுகின்றது. இவ்வாறு எண்ணமும் செயலும் ஒன்றையொன்று துரத்தும் வட்டமே இந்நோய்.

நோயாளிகளுள் பெரும்பாலோர் தம் எண்ணம் பொருளற்றது என்பதை நன்கு அறிவர். அறிந்தும் விடுபட முடியாமையே இந்நோயின் கொடுமை. அறியாதவனுக்கு அறிவுரை பயன்படும். அறிந்தும் இயலாதவனுக்கு அறிவுரை மேலும் ஒரு சுமையே ஆகும்.

மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகின்றனர். பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இது தலைகாட்டுகின்றது. கல்லூரி வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரின் வயதே இந்நோய் தொடங்கும் வயது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. படித்த வரியையே படித்துக்கொண்டு அடுத்த வரிக்குச் செல்ல இயலாத மாணவரைச் சோம்பேறி என்று கடிவதற்கு முன், ஆசிரியர் ஒருகணம் சிந்திக்க வேண்டும்.

வஸ்வாஸ் என்னும் பெயர்

இஸ்லாமியத் தமிழ் மக்களிடையே இத்தகைய ஊசலாட்டத்தை வஸ்வாஸ் என்று கூறுவர். மெல்லிய குரலில் உள்ளத்தில் ஓதப்படும் தீய எண்ணம் என்பது இந்த அரபுச் சொல்லின் பொருள். திருக்குர்ஆனின் இறுதி அத்தியாயம் இதிலிருந்தே இறைவனிடம் பாதுகாவல் தேடுகின்றது. எல்லா மனிதர்க்கும் வந்துபோகும் இவ்வூசலாட்டம் நோயன்று. ஆயினும், ஒளுச் செய்யும் இடத்தில் ஒரு மணிநேரம் அமர்ந்து முழங்கையைக் கழுவிக்கொண்டிருப்பவர், நிய்யத்துச் சரியாக அமையவில்லை என்று தொடக்கத் தக்பீரைப் பத்து முறை கூறுபவர், ஜமாஅத்துக் கலைந்து சென்ற பின்னும் முதல் ரக்அத்தைக் கடக்க இயலாமல் கண்ணீர் வடிப்பவர் ஆகியோரிடம் காணப்படுவது அவ்வியல்பான ஊசலாட்டம் மட்டும் என்று கூற இயலாது.

மார்க்கம் ஐயத்திற்கு எல்லை வகுத்துள்ளது. ஒளு முறிந்துவிட்டதோ என்று தொழுகையில் ஐயுறுபவர், தெளிவான அடையாளம் கிடைக்கும்வரை தொழுகையை விட்டு விலக வேண்டியதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். உறுதியான ஒன்றை வெறும் ஐயம் நீக்கிவிடாது என்பது சட்ட அறிஞர்கள் வகுத்த அடிப்படை விதிகளுள் ஒன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னுல் ஜவ்ஸீ, தமது தல்பீஸ் இப்லீஸ் என்னும் நூலில், ஒளுவிலும் நிய்யத்திலும் அளவு கடந்து ஐயுறுவோரைக் கண்டித்து எழுதியுள்ளார்.

இவ்விதிகள் நலமுடைய உள்ளத்திற்குப் போதுமானவை. நோயுற்றவரோ இவ்விதிகளை நம்மைவிட நன்கு அறிந்தவராக இருப்பார்; ஆலிம்கள் பலரிடம் மீண்டும் மீண்டும் கேட்டும் இருப்பார். உறுதியைப் பற்றிக்கொள் என்று விதி கூறுகின்றது. உறுதி என்னும் உணர்வே தோன்றாத நிலையில் அவர் எதனைப் பற்றிக்கொள்வார்? இங்குக் குறைவது ஈமானும் அன்று. மார்க்க அறிவும் அன்று. செயல் முடிந்தது என்று உள்ளத்திற்கு உணர்த்தும் உடலியக்கம் ஒன்று பழுதுபட்டுள்ளது.

இவ்வுண்மையின் வித்தினை இஸ்லாமிய அறிஞர் ஒருவரே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஊன்றிச் சென்றார் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்பார், மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ் என்னும் நூலை உடல்நலத்திற்கு ஒரு பகுதியும் உளநலத்திற்கு ஒரு பகுதியுமாக வகுத்து இயற்றினார். உளநலப் பகுதியில் சினம், அச்சம், துயரம் ஆகியவற்றுடன் வஸ்வாஸுக்கும் தனி இடம் தந்தார். விரும்பத்தகாத எண்ணம் ஒன்று விடாது பற்றிக்கொண்டு, மனிதனை அவனது வேலையிலிருந்தும் இன்பத்திலிருந்தும் பிரித்துவிடும் தன்மையை அவர் விளக்கினார். தனிமையைத் தவிர்த்தல், அச்சமூட்டும் எண்ணத்தை அறிவால் எதிர்கொள்ளல் முதலிய வழிகளையும் கூறினார். இன்றைய அரபு மருத்துவர்கள் இந்நோயை அல்-வஸ்வாஸுல் கஹ்ரீ, அதாவது மனிதனை அடக்கி ஆளும் வஸ்வாஸ், என்றே அழைக்கின்றனர்.

மூளையில் நிகழ்வது என்ன?

மூளையின் முன்பகுதியில், கண்குழிகளுக்கு மேலே அமைந்துள்ள புறணி, ஏதோ தவறு நேர்ந்துள்ளது என்று எச்சரிக்கும் பணியில் பங்கு கொள்கின்றது. அவ்வெச்சரிக்கை மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதிக்குச் சென்று, அங்கிருந்து தலாமஸ் வழியாக மீண்டும் புறணிக்கே வந்து சேர்கின்றது. ஸ்ட்ரையேட்டம் ஒரு வாயிற்காவலன் போன்றது. தேவையான செய்தியை விடுத்துத் தேவையற்றதை அது தடுத்து நிறுத்துகின்றது. இந்நோயில் அக்காவல் தளர்ந்து, எச்சரிக்கை ஓயாமல் சுற்றி வருகின்றது என்பது ஆய்வாளர் கருத்து. கை தூய்மையாகிவிட்டது என்று கண் கூறினும், தூய்மையாகவில்லை என்ற எச்சரிக்கை அடங்குவதில்லை.

இக்கருத்திற்கு வலுச்சேர்க்கும் ஆய்வு ஒன்று 1992-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வெளிவந்தது. லூயிஸ் பேக்ஸ்டர் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், மாத்திரையால் குணமடைந்தவர்களின் மூளையையும், மாத்திரையின்றி நடத்தைப் பயிற்சியால் மட்டும் குணமடைந்தவர்களின் மூளையையும் படமெடுத்து ஒப்பிட்டனர். ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதியாகிய காடேட்டில் மிகுந்திருந்த செயற்பாடு இருசாராரிடமும் குறைந்திருந்தது. சொல்லும் பயிற்சியும் உள்ளத்தை மட்டுமே தொடும், மருந்து உடலை மட்டுமே தொடும் என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு, மூளைக்குத் தெரியாத கோடு என்பது இதனால் விளங்கும்.

முதற்படிகள்

மின்முனை என்ற சொல்லைக் கேட்டவுடன் அச்சமோ ஆர்வமோ கொள்வதற்கு முன்னர், அதற்குக் கீழே உள்ள படிகளை அறிதல் இன்றியமையாதது. இந்நோய்க்கு முதன்மையான மருத்துவங்கள் இரண்டு.

ஒன்று, மாத்திரை. ஃபுளுவாக்ஸிடின், செர்ட்ரலின், ஃபுளுவாக்ஸமின் முதலியவை மூளையில் செரடோனின் என்னும் வேதிப்பொருளின் இயக்கத்தை மாற்றுகின்றன. இவற்றிற்கு முற்பட்ட குளோமிப்ரமின் இன்றும் பயன்படுகின்றது. மனச்சோர்வு நோய்க்குக் கொடுப்பதைவிட உயர்ந்த அளவில், பத்து முதல் பன்னிரண்டு வாரம்வரை கொடுத்த பின்னரே பலன் உண்டா இல்லையா என்று கூற இயலும். மூன்று வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு, இம்மருந்து பயன்படவில்லை என்று சொல்வோர் மருந்தைச் சோதித்தவர் ஆகார்.

மற்றொன்று, எதிர்கொண்டு தடுத்தல் என்னும் நடத்தைப் பயிற்சி. 1966-ஆம் ஆண்டில் இலண்டனில் விக்டர் மேயர் என்பவர் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். அழுக்கு என்று அஞ்சும் பொருளை நோயாளி தொடுவார், தொட்டபின் கழுவாதிருப்பார். வேதனை எழும்; உச்சிக்குச் செல்லும்; கழுவாமலே மெல்லத் தணியும். கழுவாமலும் வேதனை தணியும் என்பதை மூளை பட்டறிவால் கற்றுக்கொள்கின்றது. பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையுடன் படிப்படியாகச் செய்ய வேண்டிய மருத்துவம் இது. ஒளுவைப் பொறுத்தவரை, ஒவ்வோர் உறுப்பையும் இத்தனை முறை மட்டுமே கழுவுவது என்ற வரம்பை ஆலிம் ஒருவரின் ஒப்புதலோடு வகுத்துக்கொண்டால், பயிற்சியும் மார்க்கமும் ஒரே திசையில் நடக்கும்.

இவ்விரண்டாலும் பெரும்பாலோர் குறிப்பிடத்தக்க நலம் பெறுகின்றனர். எனினும், பல மருந்துகளை உரிய அளவில் உரிய காலம் உட்கொண்டும், துணை மருந்துகள் சேர்த்தும், பயிற்சியை முழுமையாக மேற்கொண்டும் மாற்றம் காணாத ஒரு சிறு பிரிவினர் எஞ்சி நிற்கின்றனர். நாளின் பெரும்பகுதியைக் கழிவறையில் கழிப்போரும், தோல் உரிந்து குருதி கசியும்வரை கழுவுவோரும், வாழ்வை முடித்துக்கொள்ள முனைவோரும் இவர்களுள் உண்டு. ஆழ்மூளைத் தூண்டல் இவர்களுக்கு உரியது; ஏனையோர்க்கு உரியதன்று.

கத்தியிலிருந்து மின்னோட்டத்திற்கு

மனநோய்க்காக மூளையில் அறுவை செய்யும் முயற்சிக்குக் கறை படிந்த வரலாறு ஒன்றுண்டு. 1935-ஆம் ஆண்டில் போர்ச்சுக்கல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ், மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் முறையைத் தொடங்கினார். 1949-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. அமெரிக்காவில் வால்டர் ஃபிரீமன் என்பவர் அம்முறையை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். பல்லாயிரவர் அறுவைக்கு ஆளாயினர். அவர்களுள் பலர் ஆர்வமும் உணர்ச்சியும் இழந்து, நடைப்பிணம்போல் ஆயினர். நோயாளியின் ஒப்புதல் என்பது அந்நாளில் பெரிதாகக் கருதப்படவில்லை. துண்டித்த இழையை மீண்டும் பொருத்தவும் வழியில்லை. மருந்துகள் வந்த பின்னர் அம்முறை மறைந்தது. அதன் நினைவு மறையவில்லை.

1987-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபித் என்னும் அறுவை மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஒரு புதிய வழியைக் காட்டினர். நடுக்கம் உடையவரின் தலாமஸ் பகுதியில் வினாடிக்கு நூறு முறைக்கு மேல் துடிக்கும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அப்பகுதியை அழிக்காமலே நடுக்கம் நிற்கின்றது என்று அவர்கள் கண்டனர். மின்னோட்டத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்பியது. அழித்தல் என்ற நிலை மாறி, திருத்தியமைத்தல் என்ற நிலை பிறந்தது. பார்க்கின்சன் நோய்க்கு இன்று உலகெங்கும் இம்முறை கையாளப்படுகின்றது.

மூளையின் ஆழத்தில் மின்முனை பதிக்கும் கலை தமிழகத்திற்கும் புதிதன்று. 1950-ஆம் ஆண்டில் சென்னையில் நரம்பியல் அறுவைத் துறைக்கு அடிகோலியவர் மருத்துவர் பா. இராமமூர்த்தி. அவர் வழியில் பணியாற்றிய மருத்துவர் டி.எஸ். கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவர். 1970-களிலேயே மூளைக்குள் நிலையான மின்முனை பதித்து, இந்தியாவில் இத்துறையின் முன்னோடியாகத் திகழ்ந்தவர் அவர். 2018-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

எண்ணச் சுழற்சி நோய்க்கு இம்முறையை முதன்முதலில் கையாண்டவர் பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரைச் சேர்ந்த பார்ட் நட்டின் என்பவரும் அவர்தம் குழுவினரும் ஆவர். 1999-ஆம் ஆண்டில் அவர்கள் நால்வருக்குச் செய்த மருத்துவத்தின் விளைவை வெளியிட்டனர். நால்வருள் மூவர் நலம் கண்டனர். முற்காலத்தில் எந்த நரம்பிழைத் தொகுதியை அழித்தனரோ, அதே தொகுதியிலேயே அழிக்காமல் மின்னோட்டம் செலுத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.

அறுவை நடைபெறும் முறை

நோயாளியின் தலையில் உலோகச் சட்டம் ஒன்று பொருத்தப்படுகின்றது. காந்த அதிர்வுப் படத்தின் துணையால் மூளையின் ஆழத்தில் உள்ள இலக்கு மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குறிக்கப்படுகின்றது. மண்டையோட்டின் இருபுறமும் சிறு துளையிட்டு, ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவே பருமன் உடைய மின்முனைகளை உட்செலுத்துகின்றனர். மூளைத்திசுவிற்கு வலியுணர்வு இல்லை. ஆதலின் சில மருத்துவமனைகளில் நோயாளி விழித்திருக்கும்போதே இப்பணியின் ஒரு பகுதி நடைபெறுகின்றது. மின்முனையின் கம்பி காதின் பின்புறமாகத் தோலுக்கு அடியில் இறங்கி, காறை எலும்பின் கீழே பதித்த சிறு மின்கருவியோடு இணைகின்றது. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை ஒத்தது அது.

அறுவை முடிந்தவுடன் நோய் நீங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு. எந்த முனையில், எந்த அளவில், எந்த விரைவில் மின்னோட்டம் அமைய வேண்டும் என்று கண்டறிய மாதங்கள் பல ஆகின்றன. பொதுவாக உளச்சோர்வு முதலில் குறைகின்றது. பதற்றம் அடுத்துக் குறைகின்றது. எண்ணச் சுழல் மெல்லத் தளர்கின்றது. கழுவுதல் முதலிய செயல்களோ இறுதியில்தான் குறைகின்றன. அவை ஆண்டுக்கணக்கில் ஊறிய பழக்கங்கள் ஆதலின், மின்னோட்டம் மட்டும் அவற்றைக் களைவதில்லை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் டாமியான் டெனிஸ் என்பவரின் குழுவினர், மின்முனை பதித்தபின் மீண்டும் நடத்தைப் பயிற்சியைத் தொடர்ந்தனர். முன்பு பயிற்சியைத் தாங்க இயலாதவர்கள் இப்போது தாங்கினர். மின்னோட்டம் பூட்டைத் தளர்த்துகின்றது. கதவைத் திறந்து வெளியே நடக்க வேண்டியவர் நோயாளியே.

பயனின் அளவு

நோயின் கடுமையை அளக்க யேல்-பிரவுன் அளவுகோல் என்று ஒன்று 1989-ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. அதன் உச்ச மதிப்பு 40. பிரான்சு நாட்டில் லுக் மாலே என்பவரின் குழு 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் பதினாறு நோயாளிகள் பங்குகொண்டனர். ஒவ்வொருவருக்கும் மூன்று மாதம் மின்னோட்டம் செலுத்தியும் மூன்று மாதம் செலுத்தாமலும் பார்த்தனர். எப்போது ஓடுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவர்க்கும் தெரியாது. மின்னோட்டம் இல்லாதபோது சராசரி மதிப்பு 28, இருந்தபோது 19. நம்பிக்கை ஒன்றால் மட்டும் விளைந்த மாற்றம் அன்று இது என்பதை அந்த வேறுபாடு காட்டியது.

அதுவரை வெளிவந்த ஆய்வுகளிலிருந்து 116 நோயாளிகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை 2015-இல் வந்தது. மதிப்பு சராசரியாக 45 விழுக்காடு குறைந்தது. பத்தில் அறுவர் குறிப்பிடத்தக்க பலன் பெற்றனர். எல்லா மருத்துவமும் கைவிட்டவர்கள் இவர்கள் என்பதை நினைத்தால் இது சிறிய பயனன்று. ஆயினும், பத்தில் நால்வர்க்குப் போதிய பலன் கிட்டவில்லை என்பதையும், பலன் பெற்றவருள்ளும் பலர் முழுநலம் எய்தவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ஆம் ஆண்டில் இக்கருவிக்கு அளித்த இசைவும் முழு ஒப்புதல் அன்று. அரிய நிலையில் உள்ள சிலர்க்காக விதிவிலக்கின் அடிப்படையில் தரப்பட்ட இசைவே அது. அவ்விதிவிலக்கு முறையாகப் பயன்படுத்தப்படவில்லை என்று அறிஞர் சிலர் 2011-இல் மறுப்பும் எழுதினர்.

இடர்களும் உண்டு. மாலே குழுவின் ஆய்வில் ஒருவர்க்கு மூளையில் குருதிக்கசிவும் இருவர்க்குத் தொற்றும் நேர்ந்தன. மின்னளவு மிகும்போது சிலர்க்கு அளவுக்கு மீறிய கிளர்ச்சி தோன்றுகின்றது. கருவியின் மின்கலம் திடீரெனத் தீர்ந்தால் நோயும் சோர்வும் பெருகித் திரும்பக்கூடும். கருவியின் விலையோ பல இலட்சம் ரூபாய். மின்கலத்தை மாற்றவும், அளவைத் திருத்தவும் வாழ்நாள் முழுதும் மருத்துவரை நாட வேண்டும்.

அமைதி யாருடையது?

மின்னோட்டத்தால் பெற்ற அமைதி மனிதனுக்கே உரியதா, கருவிக்கு உரியதா என்னும் வினா எழுவது இயற்கை. மூக்குக் கண்ணாடி அணிந்தவர் காணும் காட்சி கண்ணாடியின் காட்சி அன்று என்று கூறி இவ்வினாவை எளிதில் கடந்துவிடலாம். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. ஆம்ஸ்டர்டாம் குழுவினர் 2014-ஆம் ஆண்டில் ஒரு செய்தியைப் பதிவு செய்தனர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நோயில் வருந்திய ஒருவர், மின்முனை பதித்தபின் பெரிதும் நலம் பெற்றார். இசையில் பெரிய நாட்டம் இல்லாதிருந்த அவர், ஜானி கேஷ் என்னும் அமெரிக்கப் பாடகரின் பாடல்களைத் தவிர வேறெதையும் கேட்க விரும்பாதவர் ஆனார். மின்கலம் தீர்ந்தபோது அந்நாட்டமும் தீர்ந்தது. பழைய பாடல்களுக்கே திரும்பினார். விருப்பத்தின் வேரையே மின்னோட்டம் தொடக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இதற்காக இம்மருத்துவத்தை வெறுத்தல் வேண்டா. நோயே அம்மனிதரின் விருப்பங்களை எல்லாம் பல்லாண்டுகளாக விழுங்கியிருந்தது. மகனைத் தூக்கிக் கொஞ்ச விரும்பியும் அழுக்கு என்ற அச்சத்தால் தொட இயலாத தாயை நினைப்போம். அவரது உண்மையான விருப்பம் தொடுவது. தடுத்து நிற்பது நோய். அத்தடையைத் தளர்த்துவது அவரது தன்மையை அழிப்பதன்று. அவரிடம் மீட்டுக் கொடுப்பதே ஆகும். ஆயினும், விருப்பத்தைத் தொடும் கருவி ஆதலின், அது பதிக்கப்பட வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை நோயாளி ஒருவர்க்கே உரியது. பெற்றோர், கணவர், உடன்பிறந்தார், ஜமாஅத்தார், மருத்துவர் ஆகிய எவரும் அவருக்காக அம்முடிவை எடுத்தல் தகாது. மோனிஸ் காலத்துக் கறை மீண்டும் படியாதிருக்க இதுவே காப்பு.

இந்தியச் சட்டமும் இதனையே வலியுறுத்துகின்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96-ஆம் பிரிவு, மனநோய்க்காக மூளையில் அறுவை செய்வதற்கு இரண்டு நிபந்தனைகளை விதிக்கின்றது. நோயாளி விவரம் அறிந்து அளிக்கும் ஒப்புதல் ஒன்று. மனநல மறுஆய்வு வாரியத்தின் இசைவு மற்றொன்று. இரண்டும் இன்றிச் செய்தல் ஆகாது.

நம் கடமை

மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறாக வகுத்தவர் வள்ளுவர். இந்நோயில் நான்காமவரின் பங்கு மிகப் பெரிது. வீட்டார் அன்பினால் நோயாளிக்காகத் தாமும் கழுவுகின்றனர். கதவு பூட்டியிருக்கிறது என்று நூறு முறை உறுதி கூறுகின்றனர். அவ்வுறுதி ஒவ்வொன்றும் சுழலுக்கு ஊட்டும் உணவாகிவிடுகின்றது. மறுபுறம், ஷைத்தானின் பிடி என்றும், ஈமான் பலவீனம் என்றும், வேலையற்றோர் நோய் என்றும் கூறி வருத்துவோரும் உளர். இரண்டும் தவிர்க்க வேண்டியவை. துஆவும் ஓதலும் ஆறுதல் தருவன. அவை மருத்துவரிடம் செல்வதற்குத் தடையல்ல. ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தை அமைத்துள்ளான் என்று கூறி, மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஆற்றலுக்கு மீறிய கடமையை மார்க்கம் எவர்மீதும் சுமத்துவதில்லை.

நம்மிடையே இந்நோயுற்றோருள் பலர்க்கு மின்முனை ஒருபோதும் தேவைப்படாது. அவர்களுக்குத் தேவை, தொடக்கத்திலேயே நோயை நோய் என்று கூறும் ஒரு குரல்; மாத்திரையையும் பயிற்சியையும் உரிய காலம்வரை தொடரச் செய்யும் ஒரு துணை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இந்நோய்க்கெனத் தனி மருத்துவப் பிரிவே உள்ளது. இவற்றின் வாயிலை நாடுவது நாணத்தக்கது அன்று.

ஒளுச் செய்யும் இடத்தில் நெடுநேரம் அமர்ந்திருப்பவரைக் கண்டால் நகைத்துச் செல்லாமலும், கடிந்து பேசாமலும், அவர் அருகில் அமர்ந்து, இது உங்கள் குறையன்று, இதற்கு மருத்துவம் உண்டு என்று எடுத்துரைப்போமாக. அச்சொல்லை அவர் இருபது வயதில் கேட்டால் மாத்திரையும் பயிற்சியுமே போதுமானவை ஆகலாம். அதனைச் சொல்வதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை; நோயை அறிந்த நெஞ்சும் இரக்கமும் வேண்டும்.